ஜீப்பின் முதுகெலும்பு துருப்பிடித்தால்...

ஜூன் பிறந்து மழை பிடித்துக்கொண்டால் போதும், சனி, ஞாயிறுகளில் புனேயிலிருந்து முல்ஷி, தாம்ஹிணி, லோனாவாலா பக்கம் ஜீப்கள் கிளம்பிவிடும். மகிந்திரா எம்எம் 540, மாருதி ஜிப்சி, டாடா சியரா, பழைய சஃபாரி, கூர்க்கா என்று பேதமில்லாமல் எல்லாம் சேறு பூசிக்கொண்டுதான் ஊர் திரும்பும். மறுநாள் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் மேலே பளபளப்பு வந்துவிடும். அடியில், சேசிஸுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள இடுக்கில் புகுந்த சேறு மட்டும் ஈரத்தோடு அப்படியே கிடக்கும். பழைய ஜீப்பின் ஆயுள் அங்கேதான் குறையத் தொடங்குகிறது.

இந்த வண்டிகளுக்கும் புனேக்கும் உறவு நெருக்கமானது. 1991இல் வந்த சியரா, 1994இல் வந்த சுமோ, 1998இல் வந்த சஃபாரி மூன்றும் டாடாவின் புனே ஆலையில் உருவானவை. 1958இல் பஜாஜ் டெம்போவாகத் தொடங்கி இன்று ஃபோர்ஸ் மோட்டார்ஸ் ஆகியிருக்கும் நிறுவனம் இருப்பது புனேயை ஒட்டிய ஆகுர்டியில். டிராக்ஸும் கூர்க்காவும் அதன் பிள்ளைகள். மகிந்திரா 1947இல் வில்லிஸ் ஜீப்களைப் பூட்டத் தொடங்கியது பக்கத்து மும்பையில். போதாததற்குப் புனே ஒரு ராணுவ நகரம். படையில் உழைத்து ஓய்ந்து ஏலத்துக்கு வந்த ஜிப்சிகள் மீது இங்கே ஆசைப்படுகிறவர்கள் அதிகம்.

பெயர்கள் வேறானாலும் இவற்றின் கட்டுமானம் ஒன்றுதான். நீளவாக்கில் இரண்டு இரும்புச் சட்டங்கள், அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள். இதுதான் ஏணி சேசிஸ். எஞ்சின், கியர்பாக்ஸ், ஸ்பிரிங் எல்லாம் இதில்தான் தொங்குகின்றன. பாடி தனியாகச் செய்யப்பட்டு இதன்மேல் உட்கார வைக்கப்படுகிறது. இரண்டும் நேரடியாக உரசாமல் இருக்க இடையிடையே ரப்பர் புஷ்களும், அவற்றை ஊடுருவிச் செல்லும் நீண்ட போல்ட்களும் உண்டு. அந்த இணைப்புகளுக்கு பாடி மவுண்ட் என்று பெயர். மேட்டிலும் பள்ளத்திலும் சேசிஸ் முறுக்கும்போது அந்த முறுக்கை பாடிக்குக் கடத்தாமல் வாங்கிக்கொள்வது இவைதான்.

இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் போதும். உப்பு சேர்ந்தால் ஈரத்தின் வழியே மின்னோட்டம் எளிதாகப் பாய்ந்து வேகம் கூடுகிறது. புனே நகரில் ஆண்டுக்கு 700 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை. மலையேறி மகாபலேஷ்வர் போனால் அது 5,000 மில்லிமீட்டரைத் தாண்டும். அங்கிருந்து கொங்கணக் கடற்கரைக்கு இறங்கி ஈரமணலில் வண்டி ஓட்டுகிறவர்கள், உப்பையும் சேசிஸுக்குள் அள்ளிக்கொண்டு வருகிறார்கள். கடலோர அரிப்பின் கொடுமை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலத்தில் காரைக்குடியில் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், உலோக அரிப்பை ஆராய மண்டபத்துக் கடற்கரையில் தனியாக ஒரு நிலையமே வைத்திருக்கிறது.

இரும்பு துருவாகும்போது பருமன் பல மடங்கு பெருகுகிறது. ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டு தகடுகளுக்கு நடுவே துரு ஏறினால், அது தகடுகளை நெம்பிப் பிரித்துவிடும். பெட்டி போல மூடிய சட்டமாக இருந்தால் சங்கதி இன்னும் மோசம். உள்ளே தேங்கிய ஈரம் உள்ளிருந்து தின்றுகொண்டே வரும். வெளியே பெயின்டில் கொப்புளம் தெரியும் நாளில் உள்ளே பாதித் தகடு போயிருக்கும்.

இது பழைய வண்டிக்காரர்களின் தலைவலி மட்டுமல்ல. அமெரிக்காவில் டொயோட்டாவின் டகோமா, டண்ட்ரா, செக்கோயா வண்டிகளின் சேசிஸ் துருப்பிடித்து ஓட்டை விழுந்ததால் உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2016இல் டொயோட்டா சமரசத்துக்கு வந்தது. சுமார் 15 லட்சம் வண்டிகளைச் சோதித்து, தேவையானவற்றுக்கு சேசிஸையே மாற்றித் தர ஒப்புக்கொண்டது. அந்தச் சமரசத்தின் மதிப்பு ஏறக்குறைய 340 கோடி டாலர் வரை போகலாம் என்று கணக்கிடப்பட்டது.

பழைய ஜீப் வாங்கப் போகிறவர்கள் முதலில் குனிந்து அடியைப் பார்க்க வேண்டும். அடிப்பாகம் முழுக்கப் புதிதாகக் கறுப்பு பெயின்ட் அடித்திருந்தால் சந்தேகப்படுவது நல்லது. துருவின்மேல் பட்டி வைத்து, அதன்மேல் தார் பூசி விற்பது பழைய தந்திரம். சிறிய சுத்தியலால் சட்டம் நெடுகத் தட்டிக்கொண்டே போனால் குட்டு உடைந்துவிடும். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உளுத்துப்போன இடத்தில் சத்தம் அமுங்கும், செதில் உதிரும். அங்கே ஸ்குரூடிரைவரை அழுத்தினால் சில சமயம் உள்ளேயே இறங்கிவிடும். ஸ்பிரிங் ஷேக்கிள் மாட்டும் இடம், குறுக்குச் சட்டம் சேரும் மூலை, பாடி மவுண்ட் பிராக்கெட், பின்சக்கரத்துக்கு மேலே வளையும் பகுதி ஆகிய நான்கையும் விடாமல் பார்க்க வேண்டும். கதவு இழுத்துச் சாத்தினாலும் சேராமல் நிற்பதும், வேகத்தடை ஏறும்போது வண்டித் தரைக்கு அடியில் ‘டொக்’ என்று கேட்பதும் மவுண்ட் போய்விட்டதன் அறிகுறிகள்.

பழுது பார்ப்பதில் நடக்கும் பெரிய தவறு, துருவின்மேலேயே ஒரு தகட்டை வைத்து வெல்டிங் அடிப்பது. துருவில் வெல்டிங் பிடிக்காது. பிடித்தது போலத் தெரிந்தாலும் இரண்டு தகடுகளுக்கு நடுவே ஈரம் சிக்கி, அடுத்த மழைக்காலத்தில் பழையதும் புதியதும் சேர்ந்து போகும். முறையாகச் செய்ய நினைப்பவர்கள் பேட்டரி இணைப்பைக் கழற்றி, பெட்ரோல் டேங்கையும் பிரேக் குழாய்களையும் அகற்றிவிட்டுத்தான் தொடங்குவார்கள். வண்டியைச் சமதளத்தில் ஸ்டாண்டுகளில் நிறுத்தி, சேசிஸின் மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் டேப் வைத்து அளப்பார்கள். இரண்டு அளவும் ஒத்துப்போக வேண்டும். வெட்டிய பிறகு சட்டம் நெளியாமல் இருக்கத் தற்காலிகமாக ஆங்கிள் கொடுத்துப் பிடித்துக்கொள்வதும் உண்டு.

உளுத்த பகுதியை, பளிச்சென்ற வெள்ளை இரும்பு தெரியும்வரை வெட்டி எடுக்க வேண்டும். அதே கனமுள்ள தகட்டை அளவாக வெட்டிப் பொருத்தி, சிஓ2 வெல்டிங்கில் சிறு சிறு துண்டுகளாக, இடம் மாற்றி மாற்றிப் போட வேண்டும். ஒரேயடியாக இழுத்தால் சூட்டில் சட்டம் வளைந்துவிடும். வண்டி பாரம் ஏற்றும்போது அதிக இழுவிசையும் அழுத்தமும் வருவது சட்டத்தின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும்தான். அதனால் அந்த விளிம்புகளில் நேர்குறுக்காக வெல்டிங் கோடு விழக் கூடாது, விழுந்தால் விரிசல் அங்கேதான் பிறக்கும். வலுச் சேர்க்க வைக்கும் தகட்டின் முனைகளைச் சாய்வாக வெட்டுவதற்கும் காரணம் இதுவே.

பாடி மவுண்டில் முதல் சண்டை போல்ட்டோடு. துரு இறுகிய போல்ட்டை ஸ்பேனர் வைத்து முரட்டுத்தனமாகத் திருகினால் தலை உடைந்து கையோடு வந்துவிடும், இல்லையென்றால் தரைக்குள் பதித்த நட்டு பிய்ந்து கூடவே சுற்றும். துரு இளக்கும் எண்ணெய் விட்டு, ஒரு நாள் ஊறவைத்துத் திருகுவதே நல்லது. பிறகு ஒரு பக்கத்து போல்ட்களை மட்டும் கழற்றி, மறுபக்கத்தைத் தளர்த்தி, ஜாக்கிமேல் மரப்பலகை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக பாடியைத் தூக்குவார்கள். அப்போது ஸ்டியரிங் தண்டு, ரேடியேட்டர் குழாய், கியர் லீவர் எதுவும் இழுபடாமல் ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். புது புஷ் வைத்ததும் எல்லா போல்ட்டையும் முதலில் கையால் ஏற்றிவிட்டுத்தான் முறுக்க வேண்டும். புஷ்ஷுக்குள் இருக்கும் இரும்புக் குழலைத் தவறவிட்டால் ரப்பர் நசுங்கிப்போகும். ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால், பாடியையும் சேசிஸையும் இணைக்கும் எர்த் பட்டையைத் திரும்ப மாட்ட மறந்தால் விளக்கும் ஸ்டார்ட்டரும் படுத்தும்.

புனேயில் உதிரிபாகம் என்றால் நானா பேட்டைக் கடைகள் இருக்கின்றன, புதன், ஞாயிறுகளில் கூடும் ஜூனா பஜார் இருக்கிறது. பிராக்கெட், போல்ட் போன்றவற்றைப் பழையதில் தேடலாம். ரப்பர் புஷ்ஷைப் புதிதாகத்தான் வாங்க வேண்டும். பழைய ரப்பருக்கும் வண்டியின் வயதுதானே!

வேலை முடிந்ததும் எபாக்சி பிரைமர், அதன்மேல் பெயின்ட், மூடிய சட்டங்களுக்குள் நீளக் குழாய் விட்டு மெழுகு ஸ்பிரே, இதுதான் வரிசை. தண்ணீர் வடியும் துளைகளை எக்காரணம் கொண்டும் அடைத்துவிடக் கூடாது. வேஸ்ட் ஆயிலை அடியில் அடிக்கும் பழக்கம் இன்னும் பல ஊர்களில் இருக்கிறது. அந்த எண்ணெய் பட்டால் ரப்பர் உப்பிக் கெட்டுவிடும்.

சட்ட விதிகளையும் மறக்கக் கூடாது. சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லும், பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் கார்களுக்கு 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. சேசிஸில் பொறித்த எண்மேல் காகிதம் வைத்து, பென்சிலால் தேய்த்துத் தடம் எடுக்கும் வழக்கம் ஆர்டிஓ அலுவலகங்களில் உண்டு. துரு அந்த எண்ணைத் தின்றுவிட்டாலோ, கிரைண்டர் தவறிப் பட்டாலோ வண்டியின் அடையாளமே கேள்விக்குள்ளாகும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிப்படுத்தியது. சேசிஸையே மாற்றும் யோசனை இருந்தால் வெல்டரிடம் போவதற்கு முன் ஆர்டிஓவிடம் போவதே சரி.

ஒரு பிராக்கெட், ஒரு குறுக்குச் சட்டம், இரண்டோர் ஓட்டை என்றால் தாராளமாகப் பழுது பார்க்கலாம். இரு நீளச் சட்டங்களும் பல இடங்களில் மெலிந்திருந்தாலோ, குறுக்களவு பொருந்தாமல் சேசிஸ் கோணியிருந்தாலோ அந்த வண்டியை மலைக்கு எடுத்துப் போகவே கூடாது. பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் மே மாதத்திலேயே, மழை தொடங்குமுன், ஒரு டார்ச்சும் சிறு சுத்தியலும் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் ஒரு மணி நேரம் செலவிடுங்கள். மழைக்காலத்தில் ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் மேலே கழுவுவதற்கு முன் அடியைக் கழுவுங்கள். கடற்கரைக்குப் போய் வந்தால் அன்றைக்கே, நல்ல தண்ணீரில்.