பொருந்தாத மரை

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது பழமொழி. தேருக்கு அச்சாணி எத்தகையதோ, இக்காலப் பொறிகளுக்குப் போல்ட்டும் நட்டும் அத்தகையன. மிதிவண்டி முதல் புகைவண்டி வரை, நீரிறைக்கும் பொறி முதல் நூல் நூற்கும் ஆலைப்பொறி வரை, யாவும் இச்சிற்றுறுப்புகளாலேயே பிணைக்கப்பட்டு நிற்கின்றன. உள்ளங்கையில் அடங்கும் நட்டு ஒன்று உடைந்துபோயின், பெரும்பொருள் கொடுத்து வாங்கிய பொறியும் அசைவற்று நின்றுவிடும்.

புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் நெடுஞ்சாலையில், சுண்ணாம்பாற்றைக் கடந்து தெற்கே சென்றால் தவளக்குப்பம் என்னும் ஊரை அடையலாம். அவ்வூர் உழவர் ஒருவரிடம், முன்னாளில் பிரெஞ்சு நாட்டிலிருந்து வந்த பழைய நீரிறைக்கும் பொறி ஒன்று உள்ளது எனக் கொள்க. அதன் சுழல்தண்டின் முனையில், நீரைத் தள்ளும் சக்கரத்தைப் பற்றி நின்ற நட்டு ஒருநாள் வெடித்துவிட்டது. வயலில் நெற்பயிர் கதிர் வாங்கும் பருவம். அப்பருவத்தில் நீர் தவறினால் மணி பிடிக்க வேண்டிய கதிர் பதராகிவிடும். உழவர் விரைந்து இரும்புக் கடைக்குச் சென்றார். கடைக்காரர் பத்துப் பன்னிரண்டு நட்டுகளை எடுத்து வைத்தார். ஒன்று தண்டில் நுழையவே இல்லை. மற்றொன்று பற்றாது ஆடியது. வேறொன்றோ அரைச்சுற்றுச் சென்று சிக்கிக்கொண்டது. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருந்தும் ஒன்றும் பொருந்தாமைக்குக் காரணம் யாது?

இதனை அறிய, முதலில் மரை என்பது இன்னதென அறிதல் வேண்டும். செங்கோண முக்கோண வடிவில் ஒரு தாளை வெட்டி, அதனை எழுதுகோல் ஒன்றன்மேல் சுற்றிப் பார்த்தால், தாளின் சாய்ந்த விளிம்பு எழுதுகோலைச் சுற்றி மேலேறிச் செல்வதைக் காணலாம். மலையைச் சுற்றி வளைந்தேறும் பாதையும் இத்தகையதே. இவ்வாறு உருளை ஒன்றன்மேல் சுற்றிச் செல்லும் சாய்தளமே மரையாகும். போல்ட்டின் புறத்தே உள்ளது புறமரை. நட்டின் உள்ளே உள்ளது உள்மரை. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டுமாயின் நான்கு செய்திகள் ஒத்திருத்தல் வேண்டும். முதலாவது, தண்டின் விட்டம். இரண்டாவது, ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் இடையே உள்ள புரியிடைத் தூரம். மூன்றாவது, புரியின் இரு பக்கங்களும் கூடும் கோணம். நான்காவது, மரை வலமாகச் சுற்றுகிறதா, இடமாகச் சுற்றுகிறதா என்பது. இவற்றுள் ஒன்று மாறினும் நட்டு பொருந்தாது.

பழங்காலத்தில் ஒவ்வொரு கொல்லரும் தமக்குத் தோன்றிய அளவில் மரை வெட்டினர். ஒரு பட்டறையில் செய்த நட்டு மற்றொரு பட்டறையில் செய்த போல்ட்டுக்கு உதவாது. இக்குறையைக் களைய முற்பட்டவர் இங்கிலாந்து நாட்டுப் பொறிவல்லுநர் ஜோசப் விட்வொர்த் என்பவர். அவர் பல பட்டறைகளின் மரைகளைத் திரட்டி ஆராய்ந்து, 1841-ஆம் ஆண்டில் அங்குல அளவில் ஓர் ஒழுங்கை வகுத்தார். அதன் கோணம் 55 பாகை. அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் என்பவர் 1864-ஆம் ஆண்டில் 60 பாகைக் கோணமுடைய மரையைப் பரிந்துரைத்தார். ஐரோப்பியக் கண்டத்து நாடுகளோ மீட்டர் அளவையே விரும்பின. 1898-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் கூடிய மாநாடு, மில்லிமீட்டர் அளவில், 60 பாகைக் கோணத்தோடு கூடிய மரைமுறையை வகுத்தது. இங்ஙனம் உலகில் மரைக்குலங்கள் பல தோன்றின.

இக்குலங்கள் நெருங்கிச் சந்தித்த இடங்களுள் புதுச்சேரியும் ஒன்று. 1954-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் வரை அது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அருகிலுள்ள கடலூரோ 1947 வரை ஆங்கில ஆட்சியில் இருந்தது. ஒரே வயல்வெளி, ஒரே மொழி, ஒரே உறவினர். ஆயினும் ஆட்சி இரண்டு. பிரெஞ்சு நாட்டுப் பொறியின் மரை மில்லிமீட்டரில் அமைந்தது. ஆங்கில நாட்டுப் பொறியின் மரை அங்குலத்தில் அமைந்தது. எல்லைக் கோடுகள் மறைந்த பின்னரும், பழைய பொறிகள் தத்தம் பிறந்த நாட்டு அளவை விடாமல் பற்றி நிற்கின்றன.

அளவு மிக நெருங்கியிருப்பின் தீங்கு இன்னும் பெரிது. பழைய பிரெஞ்சு மிதிவண்டியின் மிதிகட்டை மரை 14 மில்லிமீட்டர் விட்டமும் 1.25 மில்லிமீட்டர் புரியிடைத் தூரமும் உடையது. ஆங்கில மிதிகட்டையின் விட்டம் பதினாறில் ஒன்பது அங்குலம். அதாவது ஏறக்குறைய 14.29 மில்லிமீட்டர். அதன் புரியிடைத் தூரம் 1.27 மில்லிமீட்டர். பிரெஞ்சு மிதிகட்டையை ஆங்கில வண்டியில் திருகினால் அது நுழைந்துவிடும். பொருந்திவிட்டது போலவும் தோன்றும். ஆனால் பிடி தளர்ந்தே இருக்கும். வண்டி விரையும்போது மிதிகட்டை கழன்று, ஓட்டுபவரைக் கீழே வீழ்த்தவும் கூடும். நுழைதல் வேறு, பொருந்துதல் வேறு என்பதனை இதனால் அறியலாம்.

உழவர் பட்டறைக்குச் சென்றார். “ஐயா, இந்த நட்டையே சுத்தியலால் தட்டி இறுக்கிவிடலாகாதா?” என்று வினவினார். முதிய கடைசல்காரர் தலையசைத்து, “நட்டின் விலை சிறிது, தம்பி, தண்டின் விலை பெரிது. வலிந்து திருகினால் தண்டின் மரை அழிந்துபோகும். முதலில் அளப்போம்” என்றார்.

அவர் தண்டின் முனையை எண்ணெய் இட்டுத் துடைத்தார். வெர்னியர் அளவியால் விட்டத்தை அளந்தார். 22 மில்லிமீட்டருக்கு ஒரு மயிரிழை குறைவாக இருந்தது. பின்னர் ஒரு தாளை மரையின்மேல் அழுத்தி, பதிந்த கோடுகளை எண்ணினார். பத்து இடைவெளிகள் சேர்ந்து 17.5 மில்லிமீட்டர் இருந்தன. ஆகவே புரியிடைத் தூரம் 1.75 மில்லிமீட்டர். 22 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு இன்று வழக்கமான புரியிடைத் தூரம் 2.5 மில்லிமீட்டர், நுண்ணிய மரையாயின் 2 அல்லது 1.5. 1.75 என்பது அவ்வரிசையில் இல்லாதது. கடைகளில் தேடி அலைவதால் பயனில்லை எனத் தெளிந்து, அவர் புதிய நட்டு ஒன்றைக் கடைந்தெடுக்கத் துணிந்தார்.

இங்கே ஓர் இடர் எழுந்தது. அவருடைய கடைசல் எந்திரம், அதாவது லேத்து, அங்குல அளவில் ஆனது. வெட்டுங்கருவியை நகர்த்தும் அதன் வழித்திருகு அங்குலத்திற்கு நான்கு புரிகள் உடையது. ஒருமுறை சுழன்றால் கருவி 6.35 மில்லிமீட்டர் நகரும். தேவையான நகர்ச்சியோ 1.75 மில்லிமீட்டர். அங்குல எந்திரத்தில் மில்லிமீட்டர் மரை வெட்டுதல் யாங்ஙனம்?

இதற்கு விடை 127 என்னும் எண்ணில் உள்ளது. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர், எனவே ஐந்து அங்குலம் சரியாக 127 மில்லிமீட்டர். 127 பற்களுடைய சக்கரம் ஒன்று இருப்பின், அங்குல எந்திரம் மில்லிமீட்டர் மொழியையும் பேசும். 1.75-ஐ 6.35-ஆல் வகுத்தால் 127-இல் 35 பங்கு கிடைக்கும். ஆகவே எந்திரத்தின் சுழல்தண்டுப் பக்கம் 35 பற்சக்கரத்தையும், வழித்திருகுப் பக்கம் 127 பற்சக்கரத்தையும் மாட்டினார். 127 ஒரு பகா எண். சிறு சக்கரங்களைக் கூட்டிச் சேர்த்து அதனைப் பெறுதல் இயலாது. அச்சக்கரத்தை அவர் பட்டறையில் பேணி வைத்திருந்ததே உழவரின் பயிரைக் காத்தது எனலாம்.

பிறகு அறுகோண எஃகுத் தண்டில் ஒரு துண்டை எந்திரத்தில் பிடித்தார். விட்டத்திலிருந்து புரியிடைத் தூரத்தைக் கழித்து, 20.25 மில்லிமீட்டர் அளவில் துளையைக் குடைந்தார். 60 பாகையாகத் தீட்டிய சிறு கருவியைத் துளையினுள் செலுத்தி, சிறிது சிறிதாக மரையை வெட்டினார். ஒவ்வொரு முறையும் கருவியை விலக்கியபின், வழித்திருகின் பிடியைக் கழற்றாமலே எந்திரத்தைப் பின்னோக்கிச் சுழற்றினார். அளவு கலந்த வேலையில் பிடியைக் கழற்றினால், கருவி முன்சென்ற தடத்தை விட்டு வேறு தடத்தில் வீழ்ந்து மரையை அழித்துவிடும். இறுதியில் நட்டைத் தண்டில் பொருத்தியபோது, அது இரு விரல்களின் விசைக்கே இணங்கி, ஆட்டமின்றி அடிவரை சென்று அமர்ந்தது. அன்று மாலையே வயலில் நீர் பாய்ந்தது.

ஒரு நட்டுக்கு இத்துணை உழைப்பா என வியத்தல் இயல்பே. அவ்வுழைப்பு எங்கும் எப்போதும் நேராதிருத்தற்பொருட்டே தரநிர்ணயம் தோன்றியது. 1947-ஆம் ஆண்டில் அனைத்துலகத் தர நிறுவனமும், இந்தியத் தர நிறுவனமும் அமைந்தன. 1948-இல் அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் தமக்குள் ஒரு பொது மரையை ஏற்றன. இந்தியாவில் 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் அளவைகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. இன்று சென்னையில் வாங்கிய மெட்ரிக் நட்டு, ஜப்பானில் செய்த அதே அளவுப் போல்ட்டுக்குப் பொருந்துகிறது. முன்பின் அறியாத இருவர் செய்த பொருள்கள் ஒன்றோடொன்று இணங்குவது, அவ்விருவரும் ஒரே அளவுக்குக் கட்டுப்பட்டமையால் அன்றோ!

வலிமையால் பொருந்தாதது அளவால் பொருந்தும். பொறியைக் கையாள்வோர் சுத்தியலை எடுப்பதற்கு முன் அளவுகோலை எடுத்தல் வேண்டும். அளந்து அறிந்து செய்யும் தொழில், சிறிதாயினும் பழுதுபடாது.