விபத்தும் அதன் மூலமும்

நோய் இன்னதென்று ஆராய்ந்து, அது எதனால் வந்ததென்று கண்டு, பிறகே அதனைத் தணிக்கும் வழியை நாடவேண்டும் என்பது திருக்குறளின் மருந்து அதிகாரம் கூறும் முறை. அவ்வதிகாரத்தை வகுப்பில் நடத்தாத தமிழாசிரியர் இல்லை எனலாம். ஆயினும், தொழில் செய்யுமிடத்தில் ஒருவர் அடிபட்டாலோ நோயுற்றாலோ நாம் அம்முறையை மறந்துவிடுகிறோம். “கவனக்குறைவு” என்ற ஒரு சொல்லைச் சொல்லி, அத்துடன் ஆராய்ச்சியை முடித்துக்கொள்கிறோம். அச்சொல் காரணத்தைக் கூறுகிறதா, அன்றிக் காரணம் தேடுவதையே நிறுத்திவிடுகிறதா என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகும் வினா.

சாஆ வட்டாரத்தில் தோட்டப் பள்ளியொன்றில் பணியாற்றும் எனக்கு இவ்வினாவை எழுப்பியவன் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன். ‘பாதுகாப்பு’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தேன். செம்பனைக் குலை வெட்டும் தன் தந்தையின் தோளில் மட்டை விழுந்து எலும்பு முறிந்ததை அவன் எழுதியிருந்தான். “அப்பா கவனக்குறைவாக இருந்ததால் அடிபட்டார், ஆகவே நாம் அனைவரும் கவனமாக இருக்கவேண்டும்” என்று முடித்திருந்தான். வாக்கியத்தில் பிழையில்லை. ‘நன்று’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

சில நாள் கழித்து, அத்தந்தையார் தோளில் கட்டுடன் பள்ளிக்கு வந்தார். “எப்படி நடந்தது அண்ணே?” என்று கேட்டேன். “மரம் ஒசந்து போச்சு சார், கழி எட்டல. மரத்தடிக்கே போய் நின்னாத்தான் அருவா மாட்டும். நிமிந்து பாத்தா வெயில் கண்ணுல அடிக்குது. மட்டை வர்றது தெரியல” என்றார்.

அவர் சொன்னதில் கவனக்குறைவு எங்கே இருக்கிறது? மரத்தின் உயரம் இருக்கிறது. கழியின் நீளம் இருக்கிறது. நிற்கும் இடமும் வெயிலின் திசையும் இருக்கின்றன. அம்மரத்தடியில் அக்கழியோடு எவர் நின்றிருப்பினும் மட்டை அவர்மீதே விழுந்திருக்கும். நான் ‘நன்று’ என எழுதியது, ஒரு பிள்ளை தன் தந்தையைக் குற்றவாளியாக்கிய வாக்கியத்திற்கன்றோ என்று அன்று உறுத்தியது.

இது புதிய பாடமன்று. நம் முன்னோர் இந்நாட்டிற்கு வந்த காலத்திலேயே கற்பிக்கப்பட்ட பாடம். அக்காலத்தில் தோட்ட மக்களைப் பெருவாரியாகக் கொன்றது மலேரியாக் காய்ச்சல். தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் வந்த ஓராண்டுக்குள்ளேயே மடிந்த தோட்டங்கள் பல. கூலிகளுக்கு உடல் வலுவில்லை, சுத்தமில்லை என்று குற்றம் அவர்கள்மேலேயே சுமத்தப்பட்டது. பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்கவைத்துக் கொய்னா மருந்து கொடுப்பதும் உண்டு.

கொசுவே மலேரியாக் கிருமியைச் சுமக்கிறது என்பதை ரொனால்டு ராஸ் 1897இல் செகந்திராபாத்தில் கண்டறிந்தார். 1901இல் கிள்ளானுக்கு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன் அந்த அறிவைச் செயலில் காட்டினார். சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டித் தேங்கிய நீரை வடியச் செய்தார். ஊரை ஒட்டிய காட்டை அழிக்கச் செய்தார். கிள்ளானிலும் அன்று போர்ட் சுவெட்டன்ஹாம் எனப்பட்ட துறைமுகத்திலும் 1901இல் காய்ச்சலால் இறந்தோர் 368 பேர்; மறு ஆண்டில் 59 பேர். மக்கள் அதே மக்கள்தாம். மாறியது நிலத்தின் அமைப்பு.

இவ்வரலாற்றில் இதனினும் முக்கியமான பகுதி இனிமேல்தான் வருகிறது. கடலோரச் சமநிலத்தில் வெற்றிபெற்ற அதே முறையை மலைப்பாங்கான தோட்டங்களில் கையாண்டபோது, காய்ச்சல் குறைவதற்கு மாறாகப் பெருகியது. காரணம் யாது? சமநிலத்தில் நோய் பரப்பிய கொசு காட்டு நிழலில் உள்ள சதுப்பு நீரில் முட்டையிடுவது. காடு அழிந்ததும் அதுவும் அழிந்தது. மலைநிலத்துக் கொசுவான மாக்குலேட்டஸ் என்பதோ, வெயில் படும் தெளிந்த ஓடை நீரை நாடுவது. காட்டை அழித்து ஓடைக்கு வெயிலைக் கொடுத்தவர்கள், தம்மை அறியாமல் அதற்குத் தொட்டில் கட்டிவிட்டார்கள். வாட்சன் அங்கே முறையை மாற்றினார். சிலாங்கூரின் சீஃபீல்டு போன்ற தோட்டங்களில் ஓடை நீரை மண்ணுக்கடியில் புதைத்த குழாய்களின் வழியே செலுத்தினார்கள். நீர் கண்ணுக்குத் தெரியாமல் ஓடியது. கொசுவுக்கு இடமில்லாமற் போயிற்று. ஓரிடத்து மருந்து வேறிடத்தில் நஞ்சாகலாம் என்பதும், ஆராய்ச்சி இல்லாத சீர்திருத்தம் குருட்டடியே என்பதும் இதனால் விளங்கும்.

ஆராய்ச்சி மட்டும் நடந்து அமைப்பு மாறாவிட்டால் என்ன நேரும்? இதற்கும் நம் தோட்டங்களிலேயே சான்று உண்டு. 1960களில் பாராகுவாட் என்னும் களைக்கொல்லி இங்கே புழக்கத்திற்கு வந்தது. அதனைத் தெளித்த மலேசியத் தோட்டத் தொழிலாளரை ஆராய்ந்த கட்டுரையொன்று, 1969இல் பிரிட்டிஷ் தொழில் மருத்துவ இதழில் வெளிவந்தது. தோலிலும் கண்ணிலும் எரிச்சல் உண்டானதையும் நகங்கள் கெட்டதையும் அது பதிவு செய்தது. அதற்குப் பின்னும் அம்மருந்து பல்லாண்டு தெளிக்கப்பட்டது. 2002இல் அரசு தடையை அறிவித்தது. 2006இல் அது தளர்ந்தது. முழுத் தடை 2020 ஜனவரி முதல் நாளன்றுதான் நடப்புக்கு வந்தது. அறிந்ததற்கும் நிறுத்தியதற்கும் இடையே அரை நூற்றாண்டு.

அந்த அரை நூற்றாண்டில் முதுகில் தோம்பு சுமந்து மருந்து அடித்தவர்களில் பெண்கள் மிகப் பலர். என் தாயாரும் அவர்களுள் ஒருவர். அவருடைய நகங்கள் நிறம் மாறிப் பிளந்து போயிருந்தன. “கையுறை கொடுத்தோமே, ஏன் கழற்றினாய்?” என்று மண்டோர் ஏசுவாராம். தெளிகுழாயின் முனை மிகச் சிறிய துளை. குட்டைத் தண்ணீரில் வரும் தூசு அதனை அடிக்கடி அடைத்துவிடும். தடித்த கையுறையோடு அதனைக் கழற்றித் துப்புரவு செய்ய இயலாது. கையுறையைக் கழற்றினால் மருந்து விரலில் படும். கழற்றாவிட்டால் அன்றைய வேலை முடியாது, கூலி குறையும். தோம்பின் வாயில் நல்ல வடிகட்டி ஒன்று இருந்திருந்தால், முனை அடைபடுவது குறைந்திருக்கும். கையுறையைக் கழற்றும் தேவையும் குறைந்திருக்கும். என் தாயாரின் ‘கவனக்குறைவு’ எனப்பட்டது, வடிகட்டி இல்லாத குறையே.

இத்தகைய அனுபவங்களிலிருந்து தொழில் நலத் துறையினர் ஒரு படிவரிசையை வகுத்திருக்கிறார்கள். முதற்படி, ஆபத்தை அடியோடு அகற்றுவது. இரண்டாவது, ஆபத்துக் குறைந்த ஒன்றை அதனிடத்தில் வைப்பது. மூன்றாவது, கருவியையும் இடத்தையும் திருத்தி, ஆபத்து ஆளை அண்டாமல் தடுப்பது. நான்காவது, வேலை நேரத்தையும் முறையையும் பயிற்சியையும் ஒழுங்குபடுத்துவது. கையுறை, முகமூடி, தலைக்கவசம் ஆகியவை ஐந்தாவதாகவே வருகின்றன. களையை எடுத்துக்கொள்வோம். நிலத்தில் கொடிவகை மூடுபயிரைப் படரவிட்டால் களை அடங்கும். மருந்தடிக்கும் தேவை குறையும். இது முதற்படியை நெருங்குகிறது. நஞ்சு குறைந்த மருந்தைக் கொள்வது இரண்டாவது. வடிகட்டியும் ஒழுகாத தோம்பும் மூன்றாவது. நம் வழக்கமோ, முதல் மூன்றையும் தாண்டிக் கையுறையில் தொடங்கி, எச்சரிக்கைப் பலகையில் முடிந்துவிடுகிறது.

திருத்திய கருவி புதிய ஆபத்தைக் கொண்டுவரவும் கூடும் என்பதையும் சொல்லவேண்டும். குலை வெட்டும் கழி முன்பு மூங்கிலால் ஆனது, பளு மிகுந்தது. பின்னர் அலுமினியக் கழி வந்தது. கை வலியும் தோள் வலியும் குறைந்தன. ஆனால் அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும். தோட்டத்தினூடே செல்லும் மின்கம்பியில் கழி பட்டு உயிரிழந்தோர் உண்டு. மலேசிய செம்பனை வாரியம் ‘சந்தாஸ்’ என்னும் இயந்திர அரிவாளை உருவாக்கியது. அது வெட்டும் உழைப்பைக் குறைக்கிறது; இயந்திரத்தின் அதிர்வோ கையைச் சேர்கிறது. ஆகவே கருவி வந்ததோடு வேலை முடிந்ததென்று எண்ணலாகாது. கழி மாறினால், மின்கம்பி அருகே உள்ள மரங்களை என்ன செய்வது என்ற கேள்வியும் உடன் எழவேண்டும்.

நாட்டின் சட்டமும் இத்திசையில் நடந்து வந்திருக்கிறது. 1967ஆம் ஆண்டுச் சட்டம் தொழிற்சாலைகளையும் இயந்திரங்களையும் பற்றியது. 1991 மே மாதம் சுங்கை பூலோவில் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து 26 பேர் மாண்டனர். 1992இல் தொழிலிடப் பாதுகாப்பு, நலத்திற்கான தேசியக் கழகம் ஆய்வுக்கும் பயிற்சிக்குமாக நிறுவப்பட்டது. 1994ஆம் ஆண்டுச் சட்டம் வேளாண்மையையும் உட்படுத்தி, தொழிலாளியின் பாதுகாப்பை முதலாளியின் கடமையாக்கியது. 2024 ஜூன் முதல் நாள் நடப்புக்கு வந்த திருத்தம், ஆபத்தை முன்கூட்டியே மதிப்பிடுவதை முதலாளியின் கடமையாக்கியிருக்கிறது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாகக் கருதினால், அவ்விடத்தை விட்டு விலகும் உரிமையையும் தொழிலாளிக்கு அளித்திருக்கிறது. இவ்வுரிமையை அறிந்த பெற்றோர் நம் தோட்டங்களில் எத்தனை பேர்? பெற்றோர் கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்கி இதனைச் சொல்வது நமக்கு அரிய செயலன்று.

கவனம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கவனம் வேண்டும், ஆனால் அது களைப்படையும் பொருள். விடியற்காலையில் எழுந்து, நண்பகல் வரை குலை சுமப்பவரின் கவனம் ஒரு கணம் தவறத்தான் செய்யும். தவறிய அக்கணத்திலும் உயிர் தப்பும்படி வேலையை அமைப்பதே அறிவு.

தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். மொழியே அவருடைய வேலை. ‘கவனக்குறைவால் அடிபட்டார்’ என்ற வாக்கியத்தைப் பிள்ளைகள் நம்மிடமிருந்துதான் கற்கிறார்கள். எந்தக் கருவி, எந்த இடம், எந்த நேரம், எதை மாற்றினால் இது மறுபடி நேராது என்னும் நான்கு கேள்விகளையும் அவர்கள் நம்மிடமிருந்தே கற்கட்டும். அம்மாணவனின் ஏட்டைத் திரும்ப வாங்கி, ‘நன்று’ என்பதன் கீழே ‘கழி எவ்வளவு நீளம்? தந்தையிடம் கேட்டு எழுதுக’ என்று எழுதிக்கொடுத்தேன். மறுநாள் இரண்டு பக்கம் எழுதி வந்தான். அதில் ‘கவனக்குறைவு’ என்ற சொல் இல்லை.