மகளிர் உரிமைத் தொகை: மாசம் 1,000 ரூபாய் பலன் தருதா? கண்டுபிடிக்கிறது எப்படி?

‘ஒரு கோடி பேருக்கு மேல கொடுத்தாச்சு’ என்கிறது ஒரு தரப்பு. ‘ஆயிரம் ரூபாயில என்ன ஆகிடும்?’ என்கிறது இன்னொரு தரப்பு. ஒரு திட்டத்தை மதிப்பிட ரெண்டுமே போதாது.

திட்டம் என்ன?

2023 மார்ச் பட்ஜெட்டில் இதை அறிவித்தவர், அப்போது மதுரை மத்திய தொகுதி எம்.எல்.ஏ.வாகவும் நிதியமைச்சராகவும் இருந்த பழனிவேல் தியாகராஜன். செப்டம்பர் 15-ல் முதல்வர் மு.க.ஸ்டாலின் காஞ்சிபுரத்தில் தொடங்கி வைத்தார். 21 வயது நிரம்பிய பெண், ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள், வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள், கார் இருக்கக் கூடாது... இவை முக்கிய நிபந்தனைகள்.

யார் விடுபட்டாங்க?

விண்ணப்பித்தவர்கள் சுமார் 1.63 கோடி. முதலில் தேர்வானவர்கள் சுமார் 1.06 கோடி. மீதி 57 லட்சம் பேரில் நிஜமாவே வசதியானவர்கள் எத்தனை, ஏழைகள் எத்தனை? மதிப்பீடு இங்கேதான் தொடங்கணும். உதாரணத்துக்கு, சிம்மக்கல் மாதிரி நெருக்கமான ஏரியாவில் ஒரே மீட்டரில் ரெண்டு குடும்பம் வாடகைக்கு இருந்தா, யூனிட் எகிறும். ஆனா வருமானம் எகிறாது. நிராகரிக்கப்பட்டவர்கள் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய 30 நாள் அவகாசம் தரப்பட்டதும் இந்த மாதிரி சிக்கல்களுக்காகத்தான்.

பணம் முழுசா கைக்கு வருதா?

தொடங்கிய மாதமே, மினிமம் பேலன்ஸ் போன்ற காரணங்களைச் சொல்லி சில வங்கிகள் தொகையைப் பிடித்ததாகப் புகார்கள் வந்தன. அப்படிப் பிடிக்கக் கூடாதுன்னு நிதியமைச்சர் தங்கம் தென்னரசு எச்சரித்தார். ‘அனுப்பினோம்’ என்பது வேற, ‘கிடைச்சுது’ என்பது வேற.

வாழ்க்கை மாறுச்சா?

மாசம் 8,000 ரூபாயில் ஓடும் வீட்டுக்கு 1,000 என்பது வருமானத்தில் எட்டில் ஒரு பங்கு. வருமான வரம்பை ஒட்டி நிற்கும் வீட்டுக்கு, சுமார் இருபதில் ஒரு பங்கு. அதனால எல்லாருக்கும் ஒரே பலன்னு சொல்லவே முடியாது.

சரியான வழி, ஒப்பீடு. மெக்சிகோ 1997-ல் தொடங்கிய ‘புரோக்ரெசா’ உதவித்தொகைத் திட்டத்தில், ஆய்வுக்காக 506 கிராமங்களை எடுத்து, குலுக்கல் முறையில் 320-க்கு முதலிலும் மற்றவற்றுக்குப் பிறகும் கொடுத்தாங்க. ரெண்டு பக்கத்தையும் ஒப்பிட்டதில் பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை, குறிப்பா பெண் பிள்ளைகளுடையது, கூடியது தெரிந்தது.

இங்கே அப்படிப் பிரிக்கலை. ஆனா வேற ஒரு வழி இருக்கு. மத்த எல்லா நிபந்தனையும் பொருந்தி, 3,590 யூனிட் எரிச்ச வீடும் 3,610 எரிச்ச வீடும் வசதியில கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஒரு வீட்டுக்குப் பணம் வரும், இன்னொண்ணுக்கு வராது. இந்த மாதிரி ஆயிரக்கணக்கான வீடுகளில் வட்டிக்கடன், மருந்துச் செலவு, சேமிப்பு மூணையும் ஒப்பிட்டா, ஆயிரம் ரூபாய் என்ன செஞ்சுதுன்னு பெருமளவு தெரிஞ்சிடும்.

2024-25 பட்ஜெட்டில் இதுக்கு ஒதுக்கியது 13,720 கோடி ரூபாய். அடுத்த முறை பயனாளிகள் எண்ணிக்கையை மட்டும் யாராவது சொன்னா, ‘கிடைக்காதவங்களோட ஒப்பிட்டுப் பார்த்தீங்களா?’ன்னு கேளுங்க.