புதிய கெப்புக்குப் புல் பார்: பொருத்துவதற்கு முன் எடை பாருங்கள்

2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல் மீண்டும் திறந்துவிடப்பட்ட பின்னர், எங்கள் பக்கத்து வியாபாரிகள் சிலர் பழைய கெப்பைத் தள்ளிவிட்டுப் புதிய டபள் கெப் எடுத்திருக்கிறார்கள். விலையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. அவ்வளவு காசு கொடுத்து எடுத்த வாகனத்தை அடுத்த வாரமே பஞ்சிகாவத்தைக்கு ஓட்டிச் சென்று புல் பார், விஞ்ச், ஸ்நோர்கல், ரூஃப் ரெக் என்று மாட்டிக்கொண்டு வருவதும் வழக்கமாகிவிட்டது.

எங்கள் வீட்டிலும் இதே கதைதான். அக்கரைப்பற்றில் நான் உரமும் விவசாய சாமான்களும் விற்கிறேன். கெப் வந்த மறுநாளே மூத்த மகன் தொலைபேசியில் படங்களைக் காட்டினான். "வாப்பா, இதெல்லாம் போட்டாத்தான் கெப்புக்கு ஒரு எடுப்பு வரும்" என்றான். "சரி மகன், ஒவ்வொன்றும் எத்தனை கிலோ என்று எழுதித் தாங்க பாப்பம்" என்றேன். அவன் எழுதிய அந்தத் தாள்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

ஒரு டபள் கெப் சுமக்கக்கூடிய பாரம் பெரும்பாலும் ஆயிரம் கிலோவை ஒட்டியது. இது பின்பெட்டியில் ஏற்றும் சாமானின் கணக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. சாரதி, உதவியாள், பிறகு நாம் வாங்கிப் பொருத்தும் ஒவ்வொரு இரும்புத் துண்டு எல்லாம் அந்த ஆயிரத்துக்குள்தான் வரும். மகனின் தாளில் இருந்தவை இவை: இரும்புப் புல் பார் 60 கிலோ, விஞ்ச் 40, பின்பெட்டிக்கு மூடி 70, ரூஃப் ரெக் 25, பக்கப் படிகள் 45. மொத்தம் 240 கிலோ. சாரதிக்கும் உதவியாளுக்கும் 140 கிலோ கழித்தால், ஒன்றும் பூட்டாத கெப்பில் 860 கிலோ, அதாவது 50 கிலோ உர மூட்டை 17 ஏற்றலாம். எல்லாவற்றையும் பூட்டிய கெப்பில் 12 மூட்டைதான். ஒவ்வொரு பயணத்திலும் ஐந்து மூட்டை இடத்தை அலங்காரத்துக்குக் கொடுத்துவிட்டு, பிறகு டீசல் செலவு கட்டுப்படியாகவில்லை என்று கவலைப்பட்டு என்ன பயன்? ஸ்பிரிங்கை மாற்றினால் கூட ஏற்றலாம் என்று கராஜ்களில் சொல்வார்கள். ஸ்பிரிங் மாறினால் வாகனம் நிமிர்ந்து நிற்கும். ஆனால் செசி, அச்சு, பிரேக் எல்லாம் பழையதுதான். அனுமதிக்கப்பட்ட பாரமும் கூடுவதில்லை.

புல் பாரின் எடை இன்னொரு வகையிலும் வஞ்சகம் செய்கிறது. அது முன் சக்கரத்துக்கும் முன்னால் தொங்குவதால் நெம்புகோல் போல வேலை செய்யும். டொயோட்டா ஹைலக்ஸின் முன், பின் அச்சுகளுக்கு இடையேயான தூரம் 3,085 மில்லிமீற்றர். முன் அச்சுக்கு 90 சென்ரிமீற்றர் முன்னால் 60 கிலோவை மாட்டினால் முன் அச்சில் விழும் பாரம் ஏறத்தாழ 77 கிலோ. அந்த மேலதிக 17 கிலோ பின் அச்சிலிருந்து தூக்கப்படுகிறது. மழையில் வெறும் பெட்டியோடு ஓடும்போது கெப்பின் பின்புறம் வழுக்குவதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

இனிப் பாதுகாப்புக்கு வருவோம். இதில் எனக்கு ஒரு பழைய கசப்பான அனுபவம் உண்டு. 2012 இல் என்னிடம் ஒரு பழைய கெப் இருந்தது. வெல்டிங் பாஸ் ஒருவரைக் கொண்டு கனமான குழாயில் ஒரு பார் செய்து செசியோடு சேர்த்து ஒட்டவைத்திருந்தேன். ஒரு இரவு பொத்துவிலிலிருந்து வரும்போது கோமாரிக்கு இப்பால் நடுவீதியில் படுத்திருந்த மாடுகளில் ஒன்று திடீரென எழும்பியது. சாரதியால் பிரேக் பிடித்து முடிக்க இயலவில்லை. மாடு செத்தது. கெப்பில் ஒரு ஹெட்லைட் கூட உடையவில்லை. பாருங்கள், பார் எப்படிக் காப்பாற்றியது என்று நானே நாலு பேரிடம் பெருமை பேசினேன். ஆனால் சாரதியின் நெஞ்சு ஸ்டியரிங்கில் அடித்து இரண்டு விலா எலும்புகள் வெடித்திருந்தன. இரண்டு மாதம் அவர் வேலைக்கு வரவில்லை. முன் டயர்கள் ஒரு பக்கமாகத் தேயத் தொடங்கிய பிறகுதான் செசியின் முனையே வளைந்திருப்பது தெரிந்தது.

ஏன் இப்படி நடந்தது? வாகனத்தின் முன்பகுதி மோதலில் நசுங்க வேண்டும் என்றே செய்யப்படுகிறது. பம்பரும் செசியின் முனைகளும் மடிந்து கொடுக்கும்போது அந்த அடியின் வேகம் அங்கேயே செலவாகிறது. மடியாத குழாயைச் செசியில் ஒட்டிவிட்டால் அடி நேராக உள்ளே போய் ஆட்களைச் சேரும். பம்பரைக் காப்பாற்றிச் சாரதியின் விலாவை உடைத்த வேலைதான் நான் செய்தது.

இப்போதைய வாகனங்களில் இது இன்னும் பாரதூரமானது. எயார் பேக் விரிவதா இல்லையா என்பதை, முன்பகுதி எந்த வேகத்தில் நசுங்குகிறது என்பதை வைத்துச் சென்சர்கள் ஒரு செக்கனின் நூறில் சில பங்கு நேரத்துக்குள் தீர்மானிக்கின்றன. பொருந்தாத பார் இந்தக் கணக்கைக் குழப்பிவிடும். எயார் பேக் பிந்தி விரியலாம், அல்லது சிறிய இடிபாட்டில் வீணாக விரியலாம். ஆகவே வாங்கும்போது கேட்க வேண்டிய முதற் கேள்வி விலையல்ல. "என்னுடைய இந்த மொடலுக்கு, இந்த ஆண்டுக்கு, எயார் பேக்கோடு பரிசோதிக்கப்பட்டதா?" என்று கேளுங்கள். எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். "எல்லாத்துக்கும் பொருந்தும் முதலாளி" என்ற பதில் வந்தால் தேநீரைக் குடித்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். அத்தோடு புதிய கெப்கள் சிலவற்றில் தானாகப் பிரேக் பிடிப்பதற்கான ரேடார் கிரில்லிலோ பம்பரிலோ இருக்கிறது. அதன் முன்னால் ஒரு குழாயோ மேலதிக விளக்கோ நின்றால் அது குருடாகிவிடும்.

புல் பார் என்பது அவுஸ்திரேலியாவில் வளர்ந்த சாமான். அங்கே நூற்றுக்கணக்கான கிலோமீற்றருக்கு ஊர் இல்லாத வீதிகளில் இரவில் கங்காரு பாயும். ரேடியேட்டர் உடைந்தால் காப்பாற்ற ஆளில்லை. ஆகவே மோதிய பிறகும் வாகனம் ஓடி ஊர்சேர வேண்டும் என்பதே அதன் நோக்கம். சியம்பலாண்டுவைப் பக்கம், மகாஓயாப் பக்கம் வாரத்தில் மூன்று நான்கு இரவு ஓடுகிறவருக்குக் காட்டுப்பன்றியும் மாடும் உண்மையான ஆபத்து. அவருக்குப் பரிசோதிக்கப்பட்ட முழுப் பார் நியாயமான செலவுதான். இரும்பு வேண்டாம் என்றால் அலுமினியத்தில் எடை குறையும், விலை கூடும். யானைக்கு இது எதுவும் பயனில்லை. மூன்று, நான்கு தொன் யானைக்கு முன்னால் இரண்டு தொன் கெப்பின் குழாய் எம்மாத்திரம்! அங்கே வேகத்தைக் குறைப்பதுதான் வழி. கிரில்லுக்கு முன் நிற்கும் பளபளப்பான மெல்லிய குழாயைப் பற்றி நான் என்ன சொல்ல? அது கண்ணாடி முன் நிற்பதற்கு.

ஊருக்குள் ஓடுகிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். கல்முனை, சாய்ந்தமருது வீதிகளில் நம் முன்னால் போவது மாடல்ல, சைக்கிளில் மத்ரசாவுக்கும் டியூசனுக்கும் போகும் பிள்ளைகள். கெப்பின் பாரின் மேல்விளிம்பு ஒரு சிறு பிள்ளையின் நெஞ்சுக்கும் தலைக்கும் நேராக நிற்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2005 இல் பாதசாரிகளுக்காகவே இத்தகைய பார்களுக்குப் பரிசோதனை விதிகள் கொண்டுவந்தது.

மற்றச் சாமான்களில் நான் முதலில் காசு செலவிடச் சொல்வது டயருக்கு. வயல் வரம்புக்கும் கார்பட் வீதிக்கும் பொதுவான ஏ.ரி. டயர் நம் தொழிலுக்குப் போதும். பெரிய கட்டைகள் கொண்ட சேற்று டயர், மழை பெய்த கார்பட் வீதியில் பிரேக் பிடிக்கும்போது கைவிட்டுவிடும். அளவை மாற்றுவதிலும் கவனம் தேவை. 265/65 ஆர் 17 டயருக்குப் பதிலாக 265/70 போட்டால் சக்கரத்தின் விட்டம் 3 வீதத்துக்கு மேல் கூடுகிறது. மீற்றர் 100 காட்டும்போது நீங்கள் 103 இல் ஓடுவீர்கள். டயரின் பக்கத்தில் இருக்கும் பார எண்ணையும் பாருங்கள். 112 என்றால் ஒரு டயருக்கு 1,120 கிலோ. அதற்குக் குறைந்ததை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்க வேண்டாம்.

ஸ்நோர்கல் எஞ்சின் மூச்செடுக்கும் இடத்தை உயர்த்துகிறது, அவ்வளவே. கதவும் வயரிங்கும் அதே உயரத்தில்தான் இருக்கின்றன. ஹைலக்ஸுக்குத் தண்ணீரில் இறங்கக் கம்பனி சொல்லும் ஆழம் 700 மில்லிமீற்றர், போர்ட் ரேஞ்சருக்கு 800. 2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்ட நம் பகுதி ஆட்களுக்கு, ஓடும் தண்ணீர் அந்த ஆழம் வருமுன்னரே வாகனத்தைப் புரட்டும் என்பது தெரியும்.

விஞ்ச் வாங்குவதானால் முழுப் பாரத்தோடு உள்ள வாகன எடையின் ஒன்றரை மடங்கு இழுக்கக்கூடியதாக வேண்டும். மூன்று தொன்னுக்கு நான்கரைத் தொன், கடைக்காரர் மொழியில் 10,000 இறாத்தல். வருடத்தில் இரண்டு தடவை சேற்றில் புதைகிறவருக்கு அது தேவையில்லை. நல்ல இழுவைப் பட்டியும் ஷெகல் இரண்டும் போதும். அவற்றைச் செசியில் உள்ள கொக்கியில் மாட்ட வேண்டும். ட்ரெய்லர் பூட்டும் உருண்டையில் ஒருபோதும் மாட்டாதீர்கள். அது அறுந்தால் துப்பாக்கிக் குண்டு போல வரும், ஆட்கள் செத்திருக்கிறார்கள்.

கருவாடு, உப்பு, உரம் ஏற்றுகிறவர்கள் பெட்டிக்குள் தூக்கி வைக்கும் பிளாஸ்டிக் விரிப்பைத் தவிர்ப்பது நல்லது. உப்புத்தண்ணீர் அதன் அடியில் தங்கி, வெளியே தெரியாமல் தகட்டைத் தின்னும். ஒட்டிப் பிடிக்கும்படி விசிறப்படும் பூச்சு விலை கூடினாலும் கடற்கரை ஊர்களுக்கு ஏற்றது.

பொருத்துவதற்கு முன் காப்புறுதிக் கம்பனிக்குப் பற்றுச்சீட்டின் பிரதியோடு கடிதம் கொடுங்கள். 2012 விபத்தில் நான் அறிவிக்காமல் பார் பூட்டியிருந்ததைக் காட்டியே எனது கோரிக்கையின் ஒரு பகுதியை வெட்டினார்கள். தவறு என்னுடையது. 2025 ஜனவரியில் பொலிசார் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் அனுமதியற்ற பொருத்துகைகளைக் கழற்றத் தொடங்கியதையும் மறக்க வேண்டாம். மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் முன்கூட்டியே விசாரித்தால் பூட்டிய பிறகு கழற்றும் செலவு மிஞ்சும்.

எங்கள் கெப்புக்கு நாங்கள் செய்தது: ஏ.ரி. டயர் நான்கு, பெட்டிக்குப் பூச்சு, இழுவைப் பட்டி ஒன்று. புல் பார் போடவில்லை. மகனுக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை. நீங்கள் பார் பூட்டுவதாக இருந்தால் முதல் ஆயிரம் கிலோமீற்றரில் ஒருமுறை அதன் போல்ட்டுகளை இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அதிர்வில் அவை தளர்வது வழக்கம்.