எண்ணெய்ப் படலத்தின் மேல் ஓடும் எஞ்சின்

சென்னையிலிருந்து பெங்களூரு போகும் நெடுஞ்சாலையை ஒட்டியே தமிழ்நாட்டு மோட்டார் பந்தயத்தின் ஒரு முக்கியப் பகுதி இருக்கிறது. 1990-இல் திறக்கப்பட்ட பந்தயத் தடம் இருங்காட்டுக்கோட்டையில். அங்கிருந்து மேற்கே ராணிப்பேட்டை, ஆற்காடு, வேலூர், ஆம்பூர் என்று தோல் பதனிடும் ஊர்களைக் கடந்து போனால், ஓசூரில் டி.வி.எஸ். தொழிற்சாலை. நடுவழியில், வேலூர் வி.ஐ.டி.யில், பிரவேகா ரேசிங் போன்ற மாணவர் குழுக்கள் சொந்தமாக ஃபார்முலா கார் கட்டுகின்றன. பந்தய எஞ்சினைத் தொடுகிற எவரையும் தூங்கவிடாத கேள்வி ஒன்று உண்டு: அடிப்பாகம் தாங்குமா?

சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி வைத்த பிறகு மிச்சம் இருப்பதுதான் அடிப்பாகம். கிராங்க் ஷாஃப்ட், கனெக்டிங் ராடு, அவை சுழலும் பேரிங்குகள், எல்லாவற்றையும் பிடித்திருக்கும் பிளாக், அடியில் எண்ணெய் நிற்கும் சம்ப். குதிரைத்திறனைக் கூட்டும் வேலையெல்லாம் மேலே நடக்கும். கேம் மாறும், வால்வு மாறும், டர்போ வரும். அந்தக் கூடுதல் திறனின் சுமை முழுதும் இறங்குவது கீழே.

எவ்வளவு சுமை? ஓசூரில் தயாராகும் அப்பாச்சி ஆர்.ஆர். 310 வண்டியை எடுத்துக்கொள்ளலாம். ஒற்றை சிலிண்டர், 312.2 சி.சி., பிஸ்டனின் விட்டம் 80 மி.மீ., அது ஏறி இறங்கும் தூரம் 62.1 மி.மீ. நிமிடத்துக்கு 10,000 சுற்று ஓடும்போது அந்த பிஸ்டன் ஒரு நொடியில் 333 முறை நின்று திசை திரும்புகிறது. உச்சியில் திரும்பும் கணத்தில் அதன் முடுக்கம் புவியீர்ப்பைப் போல் 4,000 மடங்கைத் தாண்டும். பிஸ்டன், பின், ராடின் மேல்முனை எல்லாம் சேர்த்துக் கால் கிலோ என்று வைத்தால், அந்தக் கால் கிலோ ஒரு டன்னுக்கு மேற்பட்ட விசையோடு ராடை மேல்நோக்கி இழுக்கும். சுற்று வேகம் கூடினால் இந்த இழுவை அதன் வர்க்கத்தில் கூடும். 10,000 சுற்றை 12,000 ஆக்கினால் வேகம் கூடியது ஐந்தில் ஒரு பங்குதான். இழுவை கூடியது 44 சதவீதம்.

பெட்ரோல் எரியும்போது பிஸ்டன் கீழே தள்ளப்படும் விசை இதைவிடப் பெரியது. ஆனால் தள்ளும் விசையை ராடு எளிதாகத் தாங்கிக்கொள்ளும். எஞ்சினைக் கொல்வது பெரும்பாலும் இழுவைதான். அதிலும் மோசமான கணம், புகையை வெளியே தள்ளிவிட்டு பிஸ்டன் உச்சியில் திரும்பும் நேரம். அப்போது மேலே எரிந்த வாயுவின் அழுத்தம் இல்லை. பிஸ்டனைத் தடுத்து நிறுத்தும் வேலை முழுவதும் ராடின் கீழ்முனையைக் கட்டியிருக்கும் இரண்டு போல்ட்டுகளின் தலையில் விழுகிறது. ஒன்று அறுந்தால் ராடு பிளாக்கைக் குத்திக்கொண்டு வெளியே வரும்.

அதனால்தான் தேர்ந்த எஞ்சின் கட்டுநர்கள் ராடு போல்ட்டை டார்க் ரெஞ்சை மட்டும் நம்பி முறுக்குவதில்லை. ரெஞ்சில் காட்டும் விசையில் பெரும்பகுதி உராய்விலேயே போய்விடுகிறது. போல்ட்டுக்கு உண்மையில் எவ்வளவு இறுக்கம் சேர்ந்தது என்று அந்த எண் சொல்லாது. போல்ட் எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதை கேஜ் வைத்து அளப்பதே சரியான வழி. நல்ல போல்ட் ஒரு விறைத்த ஸ்பிரிங். எஞ்சினின் இழுவையைவிடத் தன் இறுக்கம் அதிகமாக இருக்கும்வரை அது களைப்படையாது.

இனிப் பேசவேண்டியது இரும்பைப் பற்றியல்ல, எண்ணெயைப் பற்றி. கிராங்க் ஷாஃப்ட் பேரிங்கைத் தொட்டுக்கொண்டு சுழல்வதாகப் பலரும் நினைக்கிறார்கள். நன்றாக ஓடும் எஞ்சினில் இரண்டும் தொடுவதே இல்லை. 50 மி.மீ. விட்டமுள்ள கிராங்க் பகுதிக்கும் பேரிங்குக்கும் நடுவே விடப்படும் இடைவெளி சுமார் 0.05 மி.மீ. சுமை ஏறும் பக்கத்தில் அந்த இடைவெளி ஒரு சில மைக்ரான்களாகச் சுருங்கும். தலைமுடி அதைவிடப் பல மடங்கு தடிமன். அந்த மெல்லிய படலம்தான் டன் கணக்கான விசையைத் தாங்கிப் பிடிக்கிறது.

இதைக் கண்டுபிடித்த கதை சுவையானது. 1883-இல் இங்கிலாந்தில் பொசாம்ப் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சுகளின் பேரிங்கைச் சோதித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காக பேரிங்கின் மேல் ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றதும் அந்தத் துளை வழியே எண்ணெய் மேலே பொங்கியது. அடைப்பான் வைத்து மூடினார். அடைப்பானையும் தள்ளிக்கொண்டு வந்தது. அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தபோதுதான் தெரிந்தது, சுழலும் அச்சே எண்ணெயை இழுத்துப்போய், குறுகும் இடைவெளியில் திணித்து, தன்னைத் தானே தூக்கி நிறுத்திக்கொள்கிறது. மழைச் சாலையில் வேகமாக ஓடும் டயர் தரையை விட்டுத் தண்ணீர் மேல் ஏறிக்கொள்வதும் இதே விதிதான். மூன்று ஆண்டுகள் கழித்து, 1886-இல், ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணிதம் எழுதினார். இன்றைய பந்தய எஞ்சின் வடிவமைப்பும் அந்தச் சமன்பாட்டில்தான் நிற்கிறது.

எண்ணெய் பம்ப்பின் அழுத்தம் கிராங்கைத் தூக்குவதில்லை என்பது இதிலிருந்து விளங்கும். பம்ப்பின் வேலை பேரிங்குக்கு எண்ணெய் தட்டாமல் பார்த்துக்கொள்வது. அரை நொடி தட்டினாலும் போதும். படலம் கிழியும், உலோகம் உலோகத்தைத் தொடும், பேரிங் ஷெல் உருகி கிராங்கோடு சேர்ந்து சுற்றிவிடும். நெடுஞ்சாலையோரப் பட்டறைகளில் லாரி எஞ்சினைப் பிரித்து, 'பேரிங் அடிச்சிருச்சு' என்று சொல்லி கிராங்கை கிரைண்டிங்குக்கு அனுப்பும்போது பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான். கிரைண்டிங்கில் கிராங்க் 0.25 மி.மீ. இளைக்கும், அதற்கு ஈடாகத் தடித்த ஷெல் போடுவார்கள்.

அந்த ஷெல்லும் எளிய பொருளல்ல. முதுகில் எஃகு, அதன் மேல் செம்பும் ஈயமும் அல்லது அலுமினியமும் வெள்ளீயமும் கலந்த மென்மையான உலோகம். தூசி வந்தால் தனக்குள் புதைத்துக்கொண்டு கிராங்கைக் காப்பாற்றும். அதன் விளிம்பில் இருக்கும் சிறு நாக்குதான் ஷெல்லைச் சுழலாமல் பிடித்திருக்கிறது என்று நினைப்பது தவறு. நாக்கு இடம் காட்ட மட்டுமே. இரண்டு பாதி ஷெல்லும் இருக்கையைவிட இம்மியளவு நீளமாகச் செய்யப்படுகின்றன. மூடியை இறுக்கும்போது அவை நசுங்கி இருக்கையோடு விறைத்து நிற்கும். அந்த நசுக்கம் சரியாக இல்லாவிட்டால், எவ்வளவு விலையுயர்ந்த ஃபோர்ஜ்டு கிராங்க் போட்டும் பயனில்லை.

வேலூர் மாணவர்களின் துறைக்கே உரிய சிக்கல் ஒன்று இங்கே வருகிறது. ஃபார்முலா ஸ்டூடன்ட் என்ற மாணவர் போட்டியின் விதிப்படி எஞ்சின் 710 சி.சி.க்கு மேல் போகக்கூடாது. உள்ளே போகும் காற்று முழுதும் 20 மி.மீ. துளை வழியாகத்தான் போகவேண்டும். ஆகவே அணிகள் பெரும்பாலும் மோட்டார் சைக்கிள் எஞ்சினையே காரில் பொருத்துகின்றன. மோட்டார் சைக்கிள் வளைவில் சாயும். வண்டியோடு எஞ்சினும் சாய்வதால் சம்பில் உள்ள எண்ணெய் இருந்த இடத்திலேயே இருக்கும். கார் சாயாது. பக்கவாட்டு விசை 1 ஜி ஆனால் எண்ணெயின் மேற்பரப்பு 45 பாகை சரிந்து ஒரு சுவரில் போய் ஏறிக்கொள்ளும். உறிஞ்சுகுழாய் காற்றை இழுக்கும். நீளமான வளைவில், ஆக்சிலரேட்டர் முழுதும் அழுந்தியிருக்கும்போது இது நடந்தால், அடுத்த நேர்சாலைக்கு வரும்முன் ராடின் கீழ்முனையில் உள்ள பிக் எண்டு பேரிங் போயிருக்கும்.

தீர்வு சம்புக்குள் தடுப்புத் தகடுகள், ஒருபக்கம் மட்டும் திறக்கும் சிறு கதவுகள். அதற்கு மேலே போனால் டிரை சம்ப்: எண்ணெய் அடியில் தேங்கவே விடாமல் உறிஞ்சி, தனியாக நிற்கும் உயரமான தொட்டிக்கு அனுப்பி, அங்கிருந்து பேரிங்குக்குத் தருவது. செலவு கூடும். ஆனால் சம்ப் மெலிவதால் எஞ்சினைத் தாழ்வாகப் பொருத்தலாம். வளைவில் கார் இன்னும் ஒட்டிக்கொண்டு போகும்.

எண்ணெயின் வழியை மாற்றியே வலுவைக் கூட்டியதற்குப் புகழ்பெற்ற சான்று ஃபோர்டின் 7 லிட்டர் 427 எஞ்சின். முந்தைய அமைப்பில் எண்ணெய் கேம் ஷாஃப்ட் பக்கம் போய்விட்டுத்தான் கிராங்குக்கு வந்தது. 1965-இல் வந்த 'சைட் ஆயிலர்' பிளாக்கில் பக்கவாட்டில் தனி வாய்க்கால் வெட்டி, முதல் பங்கை, கிராங்கைப் பிளாக்கில் தாங்கும் மெயின் பேரிங்குகளுக்குக் கொடுத்தார்கள். மெயின் மூடிகளைக் கீழிருந்து மட்டுமல்லாமல், பிளாக்கின் இரு பக்கங்களிலிருந்தும் குறுக்கு போல்ட் போட்டுப் பிணைத்திருந்தார்கள். அந்த எஞ்சினோடு ஃபோர்டு ஜி.டி.40 கார்கள் 1966-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் முதல் மூன்று இடங்களையும் பிடித்தன.

குறுக்கு போல்ட் எதற்கு? சுமையில் பிளாக்கே நெளிகிறது. மூடி நூல் அளவு அசைந்தாலும் பேரிங்கின் வட்டம் கெட்டு, படலம் ஒரு பக்கம் இல்லாமல் போகும். எதிர் எடைகளைச் சமன் செய்வதும் இதே காரணத்துக்காகத்தான். கிராங்கின் மூலைகளை வளைவாக உருட்டுவதும், மேற்பரப்பை நைட்ரைடிங் செய்து கடினமாக்குவதும் கிராங்க் களைப்படைந்து விரிசல் விடாமல் இருக்க.

திருவொற்றியூரில் பிறந்த பழைய புல்லட் ஓட்டியவர்களுக்கு இதெல்லாம் அனுபவத்தில் தெரியும். அதன் பிக் எண்டில் இருந்தது மிதக்கும் புஷ். எண்ணெய் சூடாகிப் பரவும் முன்பே முறுக்கினால் புஷ் போய்விடும். ரோலர் பேரிங்குக்கு மாற்றிக்கொண்டவர்களும் உண்டு.

பந்தயம் முடிந்து எஞ்சினைப் பிரிக்கும்போது, கைதேர்ந்த மெக்கானிக் முதலில் எடுத்துப் பார்ப்பது ராடின் இரண்டு பேரிங் ஷெல்களை. மேல் ஷெல் தேய்ந்திருந்தால் எரிப்பின் அடி அதிகம்: எஞ்சின் நாக் அடித்திருக்கலாம், பற்றவைப்பு நேரத்தைப் பின்தள்ள வேண்டும். மூடிப் பக்கத்துக் கீழ் ஷெல் தேய்ந்திருந்தால் இழுவை அதிகம்: ஓட்டுநர் சுற்று வேகத்தின் எல்லையைத் தாண்டியிருக்கிறார், இல்லையென்றால் பிஸ்டன் கனமாக இருக்கிறது. இரண்டும் ஒன்றுபோல் உரசிக் கருத்திருந்தால் ராடில் தேடவேண்டியது எதுவும் இல்லை. சம்பைத் திறந்து எண்ணெய் எந்த வளைவில் எங்கே போனது என்று தேடத் தொடங்குகிறார்.