அளந்து இடுதல்

“ஆற்றில் போட்டாலும் அளந்து போடு” என்பது நம்மவர் பழமொழி. பொதுப்பொருளைக் கையாள்வோர்க்கு இதனினும் சிறந்த பாடம் வேறில்லை. அயர்லாந்து தேயத்து நிகழ்ச்சியொன்று இதற்குச் சான்றாகும்.

நில விலை வீழ்ச்சியால் அந்நாட்டு வங்கிகள் 2008-இல் நிலைகுலைந்தன. அவற்றைத் தாங்கும்பொருட்டு அரசாங்கத்தார் 2009-இல் ‘நாமா’ என்னும் நிறுவனத்தைச் சட்டத்தால் அமைத்தனர். அது 7,400 கோடி யூரோ வங்கிக் கடன்களை 3,180 கோடிக்கு வாங்கிற்று. அவற்றை வசூலித்தலும் விற்றலுமே அதன் தொழிலாயிருந்தது.

2014-இல் நாமா தன் வட அயர்லாந்துக் கடன்களை ஒருங்கே விற்க முற்பட்டது. விலை கேட்ட கம்பெனியொன்று, தான் கொடுக்கவிருந்த தரகில் நாமாவின் ஆலோசனைக் குழு முன்னாள் உறுப்பினர் ஒருவர்க்கும் பங்குண்டெனத் தெரிவித்து விலகிற்று. ஆயினும் விற்பனை நிற்கவில்லை. கடன்கள் வேறொரு கம்பெனிக்கு விற்கப்பட்டன.

குற்றவாளியைத் தேடுதல் காவலர் கடன். தலைமைக் கணக்குப் பரிசோதகரோ, விலை எங்ஙனம் குறிக்கப்பட்டது என்று வினவினார். பின்வரும் வரவை இன்றைய மதிப்பாக்குங்கால் நாமா வழக்கமாக 5.5 சதவீதம் கழித்துவந்தது. இவ்விற்பனைக்கோ 10 சதவீதம் கழித்தது. கழிவு மிகின் விலை குறையும். இதனால் 19 கோடி பவுன் வரை நட்டம் நேர்ந்திருக்கலாமென 2016-இல் அவர் அறிவித்தார். நாமா அதனை மறுத்தது. எனினும் பார்லிமெண்டுக் குழுவின் முன் விடையிறுக்க நேர்ந்தது.

உக்கிராணக்காரன் கணக்கொப்புவித்தல் வேண்டுமென்பது திருமறை காட்டும் நெறி. களவு நிகழ்ந்தபின் கேட்பது மட்டுமன்று கணக்கு. நல்லோரையும் கேட்பதே கணக்கு.