மூட்டு வலிக்குதா? டாக்டர்கிட்ட தோலைப் பத்தியும் சொல்லுங்க!

ஒரகடத்தில் ஷிப்ட் முடிச்சு ரூமுக்கு வர்றீங்க. விரல் வீங்கியிருக்கு, குதிகால் குத்துது. ‘நாள் முழுக்க லைன்ல நின்னா வலிக்காதா?’ என்பார் ரூம்மேட். பல நேரம் அது சரிதான். ஆனால் உங்களுக்கோ குடும்பத்திலோ சோரியாசிஸ் இருந்தால், கொஞ்சம் யோசிங்க. சோரியாசிஸ் உள்ளவர்களில் நூற்றுக்கு 30 பேர் வரை ‘சோரியாடிக் ஆர்த்ரைட்டிஸ்’ வரலாம். உடலின் எதிர்ப்பு சக்தியே மூட்டைத் தாக்கும் நோய் இது. தாமதித்தால் மூட்டு நிரந்தரமாகக் கெடும்.

வேலையால் வரும் வலி ஓய்வெடுத்தால் குறையும். இது பெரும்பாலும் தலைகீழ். தூங்கி எழுந்ததும் இறுகிக் கிடக்கும், நடமாடினால் இளகும். அதனால்தான் டாக்டர், ‘காலையில இறுக்கமா இருக்கா?’ என்று கேட்பார். நைட் ஷிப்ட்காரர் ‘இல்ல சார்’ என்றுவிடுவார். அவர் எழுந்திருப்பதே மதியம் 3 மணிக்குத்தானே! கேள்விக்கு அர்த்தம், ‘எழுந்ததும் எப்படி இருக்கு?’ என்பதுதான். ‘எழுந்து முக்கால் மணி நேரம் விரலை மடக்க முடியல’ என்று கணக்கோடு சொல்லுங்க.

தோலுக்கு ஒரு டாக்டர், எலும்புக்கு ஒரு டாக்டர் என்று போனால் ரெண்டும் சேராமலே போகும். பொடுகு என்று நினைத்த தலைச் செதில், குழி விழுந்த நகம் எல்லாத்தையும் காட்டுங்க. வீக்கம் இருக்கும்போதே போனில் படம் எடுத்து வைங்க, அப்பாயின்ட்மென்ட் அன்னைக்கு அது வடிந்திருக்கலாம். ‘ஆர்.ஏ. ஃபேக்டர்’ நெகட்டிவ் என்று நிம்மதியாகிடாதீங்க, இந்த நோயில் பெரும்பாலும் அப்படித்தான் வரும். ருமட்டாலஜிஸ்ட்டைப் பார்க்கணுமா என்று நேராகக் கேளுங்க. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் அதற்குத் தனித் துறையே இருக்கு. சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறாங்களா? டிஸ்பென்சரியில் ரெஃபரல் கேளுங்க. நிபந்தனைக்கு உட்பட்டு, வருஷத்துக்கு 91 நாள் வரை 70 சதவிகித சம்பளத்தோடு மருத்துவ விடுப்பும் உண்டு.

மெத்தோட்ரெக்ஸேட் எழுதினால் கவனம்: மூட்டு நோய்க்கு அது வாரம் ஒருமுறை மாத்திரை. தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று சீட்டிலேயே எழுதி வாங்குங்க. குடிப்பழக்கம், குழந்தை பிளான், மெடிக்கல் ஷாப்பில் சொந்தமாக வாங்கிப் போட்ட ஸ்டீராய்டு எதையும் மறைக்காதீங்க. டாக்டர் திட்டினாலும் பரவாயில்லை. கிளம்பும் முன், லைட் டியூட்டிக்கு ஒரு லெட்டரும் கேட்டுப் பாருங்க.